பழுதாகும் நாளை நினைத்து வாங்குங்கள்

சென்ற வாரம் கார்புரேட்டரைப் பார்த்தோம். அதற்குப் பெட்ரோல் ஏற்றித் தரும் பம்பை இந்த வாரம் பார்ப்போம். 'யுனிவர்சல் அட்டாமிக் 4' எஞ்சினையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். 1947-ல் அமெரிக்காவில் தயாரிப்புக்கு வந்து, 1980-களின் நடுப்பகுதி வரை பல்லாயிரம் பாய்மரப் படகுகளில் ஏறிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இது. எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் பம்பை கேம்ஷாஃப்ட் இயக்குகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரம் அசைந்து அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. அது கிழிந்துவிட்டால் மாற்று பம்ப் தேட வேண்டும். பார்வைக்கு அதே போலிருக்கும் கார் பம்ப் மலிவாகக் கிடைக்கும். படகுக்கென்றே செய்ததன் விலை அதிகம். நல்ல நிலையில் இரண்டும் செய்வது ஒரே வேலைதான். அதனால் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. பழுதாகும் விதத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரில் டயாபிரம் கிழிந்தால், பம்பின் உடம்பில் உள்ள சிறு துளை வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டும். சாலையில் விழும், காற்றில் கலைந்துபோகும். படகுக்கு அடியில் சாலை இல்லை. சொட்டியதெல்லாம் படகின் அடிக்குழியில் தேங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தானாக மேலேறி வெளியே போகாது. காற்றில் அது சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஸ்டார்ட்டரின் ஒரு பொறி போதும். படகு பம்பில் இதற்காகவே இரண்டாவது டயாபிரம் உண்டு. இரண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு கண்ணாடி போன்ற குழாய் கார்புரேட்டருக்குப் போகும். முதல் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் அந்தக் குழாயில் ஏறும். கண்ணுக்குத் தெரியும், எஞ்சினுக்குள்ளேயே எரிந்துபோகும். முதல் டயாபிரம் கிழிந்தாலும் பம்பிலிருந்து பெட்ரோல் வெளியே கசியக் கூடாது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியே சொல்கிறது.

"என் படகு அந்த விதிக்கு முந்தியது, இத்தனை வருடம் கார் பம்பில்தான் ஓடியது" என்று சிலர் சொல்வார்கள். விதி கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆவியின் குணம் எந்தப் படகிலும் ஒன்றுதான். இத்தனை வருடம் ஓடியது என்பதற்கு டயாபிரம் இன்னும் கிழியவில்லை என்று மட்டுமே பொருள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய பம்பையே கிட் வாங்கிப் புதுப்பிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. உடம்பு அரிக்காமல் இருந்து, எத்தனால் தாங்கும் டயாபிரம் கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம்.

மின்சார பம்பே பாதுகாப்பு என்ற வாதமும் பாதிதான் உண்மை. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்பில் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலிலும் கலக்கலாம். மின்சார பம்பில் அந்த அபாயம் இல்லை. ஆனால் எஞ்சின் நின்ற பிறகும் சாவி திறந்திருந்தால் அது தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டும் மின்சாரம் விடும் சுவிட்ச் வழியாகத்தான் அதை இணைக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடிகளுக்கு மட்டும் ஸ்டார்ட்டரிலிருந்து தனி இணைப்பு தரலாம். அழுத்தத்தையும் கவனியுங்கள். இந்த எஞ்சினின் கார்புரேட்டருக்குச் சில பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் அதைப்போலப் பல மடங்கு தள்ளும். பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தாங்காமல் கார்புரேட்டர் வழிந்துவிடும்.

எந்தப் பம்பை மாட்டினாலும், முதலில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பழுதானால் பெட்ரோல் எங்கே போகும்? அதற்குத் தெளிவான பதில் இல்லாத பம்ப் எவ்வளவு மலிவானாலும் படகுக்கு வேண்டாம்.

(தொடரும்)