ஜூனியஸ் என்ற பெயரில் எழுதியது யார்?

லண்டனின் 'பப்ளிக் அட்வர்டைசர்' நாளிதழில் 1769 ஜனவரி முதல் 1772 ஜனவரி வரை 'ஜூனியஸ்' என்ற புனைபெயரில் அரசியல் கடிதங்கள் வெளிவந்தன. பிரதமர் கிராஃப்டன், தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு என எவரையும் அவை விட்டுவைக்கவில்லை. 1769 டிசம்பர் 19 அன்று வந்த கடிதம் மன்னர் மூன்றாம் ஜார்ஜையே நேராக விளித்தது. எழுதியவர் அகப்படாததால், இதழை அச்சிட்ட ஹென்றி சாம்ப்சன் உட்ஃபால் மீது அரசு வழக்குப் போட்டது. அச்சிட்டு வெளியிட்டது மட்டுமே குற்றம் என்று ஜூரிகள் பட்டும்படாமல் தீர்ப்புச் சொன்னதில் அவர் தப்பினார்.

உட்ஃபாலுக்கே ஆளைத் தெரியாது. ஜூனியஸுக்குத் தகவல் சொல்ல வேண்டுமானால், பேசி வைத்த ஒரு குறிப்பை நாளிதழின் மூலையில் அச்சிடுவார். பிறகு ஏதாவதொரு காபிக்கடையில், பொய்ப்பெயர் எழுதிய உறையைக் கொடுத்துவைப்பார். யாரோ வந்து வாங்கிப் போவார்கள்.

எட்மண்ட் பர்க், வரலாற்றாசிரியர் கிப்பன், ஜான் வில்க்ஸ், ஹோரஸ் வால்போல் என்று ஊர் வாயில் பல பெயர்கள் அடிபட்டன. இப்படி எழுத பர்க்கை விட்டால் ஆளில்லை என்று எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் நினைத்தார். யாரும் கேட்காமலே பர்க் மறுத்த பிறகுதான் அந்த எண்ணத்தை விட்டார். நடையின் மிடுக்கைப் பார்த்துப் பெரிய மனிதர்களை மட்டுமே தேடியதுதான் இந்த ஊகங்களின் கோளாறு.

1816இல் பதிப்பாளர் ஜான் டெய்லர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: இவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது? போர்த்துறை அலுவலகத்தின் உள்விவகாரம் தெரிந்திருந்தது. 1772 தொடக்கத்தில் அங்கே நடந்த ஒரு துணைப் பதவி நியமனத்தை எதிர்த்து, 'வெடரன்' போன்ற வேறு புனைபெயர்களில் இதே கை ஆத்திரமாக எழுதியது. வெளியாள் கவலைப்படுகிற சங்கதி அல்ல அது. அதே அலுவலகத்தின் தலைமை எழுத்தர் பிலிப் பிரான்சிஸ் அந்த ஆண்டே வேலையை விட்டார். டெய்லர் கைகாட்டியது அவரைத்தான். இந்திய வரலாறு படித்தவர்களுக்கு இவர் புதியவர் அல்லர்: வங்காள உச்சக் குழுவின் உறுப்பினராக 1774இல் கல்கத்தா வந்து, 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸோடு துப்பாக்கிச் சண்டையிட்டுக் காயம்பட்டவர்.

தான்தான் ஜூனியஸ் என்று பிரான்சிஸ் 1818இல் இறக்கும்வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் முதிய வயதில் மணந்த மனைவிக்கு அவர் தந்த முதல் பரிசு ஜூனியஸ் கடிதங்களின் தொகுப்பு.

1871இல் கையெழுத்து நிபுணர் சார்லஸ் ஷாபோ, கடிதங்களில் உள்ளது பிரான்சிஸ் வேண்டுமென்றே மாற்றி எழுதிய கையெழுத்தே என்றார். 1962இல் ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் ஆல்வர் எல்லகோர்ட், எந்தெந்தச் சொல்லை ஜூனியஸ் சமகாலத்தவரைவிட அதிகமாகவோ குறைவாகவோ கையாண்டார் என்று கணக்கெடுத்து அதே முடிவுக்கு வந்தார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏற்கிறார்கள். ஏற்காதவர்கள் சொல்லும் முக்கியக் காரணம், பிரான்சிஸ் தன் பெயரில் எழுதியவற்றில் அத்தனை கூர்மை இல்லை என்பது.