உஷார்! எண்டர் தட்டும் முன் கையை எடுங்கள்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் பைத்தானை நீக்கப் போகிறீர்களா? வேண்டாம். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

சேத்தூரில் எங்கள் தெருப் பையன், பிளஸ் டூ. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய அரசு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சித்தப்பா, பழைய பைத்தானை எடுத்துட்டுப் புதுசு போடலாம்னு பாத்தேன். இப்ப வெறும் கறுப்பு ஸ்கிரீன்தான் வருது." ராஜபாளையத்தில் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகலாமா என்று அவன் அம்மா பின்னாலேயே வந்துவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் நிரல்மொழி இருக்கிறது. அவன் ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் லினக்ஸில் பைத்தான் பந்தக்கால் மாதிரி. டெஸ்க்டாப்பின் பல கருவிகள் அதன்மேல்தான் நிற்கின்றன. உருவினால் பந்தலே சரியும்.

"நீக்கட்டுமான்னு கேட்டுச்சா?"

"என்னமோ நீளமா இங்கிலீஷ்ல வந்துச்சு. எண்டர் தட்டிட்டேன்."

வினையே அங்கேதான். டெபியன், உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, போடுவதும் எடுப்பதும் ஏபிடி என்ற கருவிதான். பழைய ஏபிடி, நீக்கப்போகும் பெயர்களை வெறும் இடைவெளி விட்டுப் பத்தியாகக் கொட்டும். வருவதும் போவதும் ஒரே நிற எழுத்து. கடைசியில் "தொடரவா?" என்று கேட்கும்போது, சம்மதத்துக்கான ஒய் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு அர்த்தம், சும்மா எண்டர் தட்டினாலே சம்மதம்! ஃபெடோரா லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் டிஎன்எஃப் எவ்வளவோ தேவலை: வரிக்கு ஒரு பெயராக அட்டவணை போடும், வெறும் எண்டரை மறுப்பாக எடுத்துக்கொள்ளும்.

விவரம் தெரிந்தவர்களும் தப்பவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், 2021 நவம்பரில் வெளியிட்ட வீடியோவில் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் போனார். அந்தப் பேக்கேஜில் அப்போது ஒரு கோளாறு. டெஸ்க்டாப்பையே கழற்றினால்தான் ஸ்டீம் ஏறும் என்று ஏபிடி கணக்குப் போட்டது. ஆபத்து என்று எச்சரித்து, 'ஆமாம், சொன்னதைச் செய்' என்று முழு வாக்கியத்தையும் டைப் செய்யச் சொன்னது. மனுஷர் செய்தார். டெஸ்க்டாப் போயே போச்சு. எச்சரிக்கை இருந்தது, பெயர்க் குவியலுக்குள் இருந்தது.

அதே மாதம், ஒன்றை நிறுவும் சாக்கில் அத்தியாவசியப் பேக்கேஜ்களைத் தானாகக் கழற்றும் வழக்கத்தை ஏபிடி கைவிட்டது. நிம்மதியாகிவிடாதீர்கள்: பைத்தான் அந்த அத்தியாவசியப் பட்டியலிலேயே இல்லை.

2025 ஏப்ரலில் வந்த ஏபிடி 3.0 பெயர்களை நெடுவரிசைகளாகப் பிரித்து நிறுத்துகிறது. போவது சிவப்பு, வருவது பச்சை. சிவப்புப் பட்டியல் கேள்விக்குப் பக்கத்திலேயே வரும். டெபியன் 13-இல் அது உண்டு. வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய லேப்டாப்பில் இருக்காது. அதில் பெயர்களை விடுங்கள், கேள்விக்குச் சற்று மேலே எத்தனை நீங்கும் என்ற எண் இருக்கும், அதைப் பாருங்கள். ஒன்றை எடுக்கச் சொல்லி அது நாற்பது என்று காட்டினால், கண்ட்ரோல் சி அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். கட்டளையோடு ஹைஃபன் எஸ் சேர்த்தால் எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் காட்டும்.

பையனின் லேப்டாப்பில் பென்டிரைவ் வைத்து லினக்ஸை மறுபடி ஏற்றினோம். புதுப் பைத்தானைப் பழையதற்குப் பக்கத்திலேயே போட்டோம். எதையும் நீக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.