மழைமானியும் தப்பொலியும்

மழையை வாழ்த்திய வள்ளுவர், ‘வான்சிறப்பு’ என்னும் அதே அதிகாரத்தில் அதன் கேடு செய்யும் ஆற்றலையும் மறவாது கூறினார். அவ்வுண்மையைச் சப்பிரகமுவத் தோட்டத்தார்க்கு ஏடு கொண்டு விளக்க வேண்டுவதில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அதே அடைமழையில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் மண் சரிந்து, லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களைப் புதைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாடெங்கும் அத்துயரை மீண்டும் கொணர்ந்தது.

இயற்கையின் சீற்றம் என்று கூறி அமைதல் எளிது. ஆனால், மலை பல வேளைகளில் முன்னரே குறி காட்டுகின்றது. நிலத்தில் வெடிப்பு விழும், மரங்கள் சாயும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கு அளவும் வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐக் கடந்தால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150ஐக் கடந்தால் உடனே வெளியேறுதல் வேண்டும்.

அறிவு உண்டு, அது லயத்தின் கடைசி வீட்டை அடைகின்றதா? வளிமண்டலவியல் திணைக்களம் மழையைக் கூறும். ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைக் கூறும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் செய்தியை மாவட்டத்துக்கு அனுப்பும். பின்னர்ப் பிரதேச செயலகம். அதன்பின் கிராம உத்தியோகத்தர். தோட்டத்து வாயிலிலோ கம்பனியின் ஆட்சி தொடங்குகின்றது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் தடையின்றிப் பணியாற்றுவதற்கே 2018இல் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், அடைமழை நாளொன்றில், மாணவன் ஒருவன் நனைந்த தாளொன்றை என்னிடம் நீட்டினான். “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றான். லயச் சுவரில் முதல்நாள் மாலை ஒட்டப்பெற்ற மண்சரிவு எச்சரிக்கை அது; சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதன் பொருள் அறியாமலே அக்குடும்பங்கள் அன்றிரவு உறங்கியிருந்தன. நல்வினையாக மலை சரியவில்லை. இலக்கணம் கற்பித்து முதிர்ந்த நான், பொருள் உணர்த்தாத சொல் உயிருக்கும் இறுதியாகும் என்பதை அன்றே கற்றேன்.

அபாயமற்ற நிலத்தில் தனி வீடு அமைத்தலே நிலையான தீர்வு என்பதில் ஐயமில்லை. அது கைகூடும்வரை, ஒவ்வொரு பெருமழைக் காலத்துக்கும் முன்னர்ப் பிரதேச செயலகத்தார், தோட்டத் துரை, தொழிற்சங்கத் தலைவர், ஆசிரியர் ஆகிய யாவரும் ஓரிடத்தில் கூடுதல் வேண்டும். எவர் மழைமானியைப் பார்ப்பது, எவர் தமிழில் அறிவிப்பது, எக்கட்டிடத்தில் தங்குவது, முதியோரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் எவர் அழைத்துச் செல்வது என்பனவற்றைப் பெயர் குறித்து முடிவு செய்தல் வேண்டும். பெயர் குறியாத கடமை எவர் கடமையும் ஆகாது.

வைகறையில் பெரட்டுக்கு அழைக்கத் தப்பு முழங்கிய தோட்டங்கள் இவை. கொழுந்து கொய்ய அழைத்த அவ்வொலி, உயிர் காக்கவும் ஒருமுறை முழங்கலாகாதா?