மலைநாட்டில் ஓடப் பழகுவோருக்கு

தோட்டப்புறத்தில் ஒருவர் பொழுதுபோக்குக்காக ஓடுகிறார் என்றால் அதைக் கேட்டுச் சிரிப்பவர் இன்றும் உண்டு. விடிந்தது முதல் கூடையைச் சுமந்து மலையேறி இறங்குகிறவர்களுக்கு ஓட்டம் ஒரு கேடா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்த கால்களுக்கு மாலையில் வேண்டியது ஓய்வேயன்றி ஓட்டமன்று. ஆனால், இன்று தோட்டத்தில் வாழ்வோர் யாவரும் மலையில் வேலை செய்வோரல்லர். பாடசாலையிற் கற்பிப்போர், ஹட்டன் கடைகளிலும் வங்கிகளிலும் நாள் முழுவதும் அமர்ந்திருப்போர், உயர்தரப் பரீட்சைக்காக மேசையை விட்டு எழாத பிள்ளைகள், கொழும்பில் வேலை பார்த்துத் தீபாவளிக்கு மட்டும் ஊர் திரும்புவோர் எனப் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஓடிப் பார்ப்போமே என்று எண்ணுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

அவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, என்னென்ன வாங்க வேண்டும் என்பது. கடைக்காரரைக் கேட்டால் பட்டியல் நீளும். எம்மைக் கேட்டால், ஆணுக்கு ஒரு பொருள், பெண்ணுக்கு இரண்டு பொருள். மற்றவை வீட்டிலேயே இருக்கின்றன என்போம். காசைக் கணக்குப் பார்த்தே இவ்வாறு கூறுகிறோம். 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. வெளிநாட்டு முத்திரை பொறித்த ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி இத்தகைய பல நாட்களின் உழைப்பை விழுங்கிவிடும். ஒரு தாய் பறித்த கொழுந்தின் விலையில் வாங்கும் பொருள் வீண்போகலாகாது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கொழும்பில் ஓடுவோருக்குச் சொல்லப்படும் புத்திமதி மலைநாட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கரையோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. ஆதலால் கீழ்நாட்டிலிருந்து வந்தவர் முதல் நாள் கிரகரி வாவியைச் சுற்றி ஓட முயன்றால் பாதியிலேயே மூச்சு வாங்கி நிற்பார். மேற்குச் சரிவிலுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டி மழை பெய்யும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் வீதிகள் காய்வதே அரிது. நுவரெலியாவிலோ தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளிற் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். சரிவும் ஈரமும் குளிருந்தான் நாம் எதை அணிய வேண்டுமென்று தீர்மானிப்பன, விளம்பரமன்று.

இனிச் சப்பாத்துக்கு வருவோம். இதைக் கேட்டவுடன், எம் பாட்டனும் பாட்டியும் வெறுங்காலோடு இம்மலைகளைத் தேய்த்தார்களே என்று சொல்வோர் இருப்பர். எதியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றதையும் அவர்கள் எடுத்துக்காட்டலாம். அவரே 1964 இல் தோக்கியோவிற் சப்பாத்தணிந்து ஓடி, முன்னையதைவிட மூன்று நிமிடம் விரைவாக முடித்து, மீண்டும் தங்கம் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். வெறுங்காலுக்கும் ஒரு பெருமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. தென்னிந்தியாவில் 2,300 சிறுவரின் பாதங்களைச் சோதித்து 1992 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், சப்பாத்து அணிந்தவருள் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதவருள் நூற்றுக்கு 2.8 பேருக்கும் மட்டுமே தட்டைப்பாதம் இருக்கக் காணப்பட்டது. மண்ணை மிதித்து வளர்ந்த பாதம் உறுதியானது.

ஆயினும் தோட்டத்து மண் எப்போதும் நல்ல மண்ணாக இருந்ததில்லை. 1910-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியமை இதற்குச் சான்று. மலங்கழித்த ஈரமண்ணை வெறுங்கால் மிதிக்க, அப்புழுவின் நுண்ணிய குஞ்சுகள் தோலைத் துளைத்து உட்சென்று, குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சின. உழைத்துக் களைத்தவரைச் சோம்பேறி என்று ஏசிய பல துரைமார், அச்சோம்பலுக்குக் காரணம் இரத்தச் சோகை என்பதை அறியாதிருந்தனர். சப்பாத்து இங்கே நெடுங்காலம் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் உரிய அடையாளமாக இருந்தது. தொழிலாளியின் காலுக்கு அது மருந்தாகவும் இருந்திருக்கக்கூடும் என்பதை நினைக்கையில் மனம் நோகின்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சிறுவயதில் வெறுங்காலோடு நடந்தவரின் பாதம் முன்புறத்தில் விரிந்திருக்கும். வேறு நாட்டவர் காலுக்கு ஒடுக்கமாய் அமைத்த சப்பாத்து அவருக்கு நீளத்திற் சரியாயிருந்தும் அகலத்தில் இறுக்கும். ஆகவே எண்ணைச் சொல்லி வாங்கிவரச் செய்யாது, தாமே சென்று அணிந்து பார்த்தல் வேண்டும். நடந்து திரிந்த கால் மாலையிற் சற்று வீங்கியிருக்குமாதலால், மாலையிற் செல்வதே முறை. ஓடும்போது அணியவிருக்கும் காலுறையையும் எடுத்துச் செல்க. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரலின் அகலம் இடமிருக்க வேண்டும். சமநிலத்தில் ஓடுவோர் இதைப் பொருட்படுத்தாது விட்டாலும் விடலாம். நாம் விட முடியாது. மலையிறங்கி ஓடுகையில் ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னே சறுக்கிச் சப்பாத்தின் நுனியில் மோதும். இரண்டு வாரத்தில் நகம் கறுத்து, மாதத்தில் விழுந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டுவதும், கணுக்காலை ஒட்டிய கடைசித் துளையிலும் நாடாவைக் கோத்துக் கட்டுவதும் இதைத் தடுக்கும், இவற்றுக்குச் செலவில்லை.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். தார் வீதியில் மட்டும் ஓடுவோருக்கு மெல்லிய கோடுகள் போதும். கரத்தை றோட்டிலும் தேயிலை மலையின் குறுக்குப் பாதைகளிலும் ஓடுவோருக்குச் சேற்றைப் பற்றும் ஆழமான பற்கள் வேண்டும். இரண்டிலும் ஓடுகிற புதியவர், நடுத்தரமான பற்களுடைய ஒரு சோடியே வாங்கினாற் போதுமானது. எந்தச் சப்பாத்தாயினும் பாசி படிந்த கருங்கற் படிகளில் வழுக்கும். அங்கே நடந்தே செல்க. பாடசாலைப் பிள்ளைகள் அணியும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து புல்வெளியிற் சிறிது தூரம் ஓடுவதற்கு உதவும். இறக்கத்தில் நாள்தோறும் ஓடினால் குதிகால் நோவெடுக்கும். நடைபாதைகளிற் குவித்து விற்கும் பழைய வெளிநாட்டுச் சப்பாத்துகளிலும் சில வேளை நல்லது அகப்படும். அதைச் சமமான மேசைமீது வைத்துப் பின்புறமிருந்து நோக்குக. ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், முன்னவர் அதன் ஆயுளை முடித்துவிட்டார் என்று அறியலாம். ஓட்டச் சப்பாத்தொன்று பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை உழைக்கும். கிழமைக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அது ஏறத்தாழ ஓராண்டுக்கு வரும்.

பெண்களுக்குரிய இரண்டாம் பொருளைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்குவோரும் இருப்பர். எழுதாமையினாலேயே எத்தனையோ பெண்பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஓடுவதை நிறுத்திவிடுகின்றனர் என்பது எமது கருத்து. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக வந்த சிறுமி, வயதுக்கு வந்தபின் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவளாகிறாள். வெட்கமும் நோவும் சேர்ந்தே அவளை நிறுத்துகின்றன. ஓடும்போது மார்பை அசையாது தாங்கும் விளையாட்டு மார்க்கச்சை, நோவை முற்றாகவும் வெட்கத்தைப் பாதியாகவும் போக்கும். இது 1977 இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர் அணியும் கச்சைகள் இரண்டை வெட்டி இணைத்துத் தைத்துப் பார்த்ததிலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டிலே, 1978 இல், கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. இன்று உலகச் சந்தைக்குச் செல்லும் இத்தகைய கச்சைகள் இலங்கை ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கப்படுகின்றன; தைப்பவருள் எங்கள் லயங்களிலிருந்து சென்ற பெண்களும் இருக்கின்றனர். அக்கா தொழிற்சாலையில் தைக்கிறாள். தங்கை அது இல்லாமையால் ஓடாதிருக்கிறாள். இதைவிட விந்தை வேறு என்ன இருக்கிறது?

வாங்கும்போது, மார்பைச் சுற்றிய பட்டிக்குள் இரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கமாகவும், மூச்சை இழுத்துவிடத் தடையில்லாமலும் இருக்கிறதா என்று அணிந்து, நின்ற இடத்திலேயே சற்றுக் குதித்துப் பார்த்தல் வேண்டும். மேலாடைக்குத் தளர்ந்த சட்டையும் சுரிதார் காற்சட்டையும் தாராளமாகப் போதும். 1967 இல் பொஸ்டன் மரதனில் இலக்கத்துடன் ஓடிய கத்ரின் சுவிற்சர் என்னும் பெண்ணை அதிகாரியொருவர் இழுத்து வெளியேற்ற முயன்றார்; அன்று அவரும் தளர்ந்த முழுநீள உடையையே அணிந்திருந்தார். ஒலிம்பிக்கிற் பெண்களுக்கு மரதன் ஓட்டம் கிடைத்தது 1984 இலேதான். ஆகையால் 'பெண் ஓடுவதா?' என்னும் கேள்வி எங்கள் லயத்தில் மட்டும் பிறந்ததன்று. மகள் கேட்டால் தாய்மார் இப்பொருளை மறுக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். தனியே அனுப்ப அஞ்சினால், இரு பிள்ளைகளாகச் சேர்த்து அனுப்புங்கள்.

மற்ற உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி, நீரைக் குடித்துப் பாரமாகி உடம்பைக் குளிரவைக்கும். தூறலில் அது ஆகாது. பந்தாட்டக் குழுக்களுக்காகத் தைக்கும் பொலியெஸ்டர் சட்டை ஒன்று பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கும். அது விரைவிற் காயும். முற்காலத்தில் மலைக்குச் சென்றோர் தலைமுதல் முதுகுவரை கம்பளியைப் போர்த்தி, இடையிற் படங்கைச் சுற்றிக்கொண்டனர். நனைந்தாலும் சூட்டை விடாத குணம் ஆட்டு மயிருக்கு உண்டு என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். (அக்கம்பளியின் விலையும் அவர்கள் கணக்கிலேயே கடனாக எழுதப்பட்டது என்பது வேறு கதை.) குளிர்காலையில் ஓடுவோர் மெல்லிய கம்பளிச் சட்டையொன்றை அணிந்து புறப்பட்டு, உடம்பு சூடேறியபின் இடையிற் கட்டிக்கொள்ளலாம். நின்றவுடன் மீண்டும் அணிந்துகொள்ள வேண்டும். மலைக்குளிர் வியர்வை மீது ஏறினால் நடுக்கம் எடுக்கும்.

மணிக்கூடு, காதிற் பாட்டு, இடைப்பட்டியிற் தண்ணீர்ப் போத்தல் ஆகியன புதியவருக்குத் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவருடன் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? வேகம் சரி. முடியவில்லையா? நடக்கலாம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு வழியில் தண்ணீர் வேண்டியதுமில்லை. வீடு திரும்பித் தேநீர் குடிக்கலாம். காதிற் பாட்டு வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. வளைவுக்கு அப்பால் வரும் பஸ்ஸின் ஒலியும் குளவியின் இரைச்சலும் காதுக்கு எட்ட வேண்டும். தேயிலை மலையிற் குளவி கொட்டி மாண்டோரின் செய்தி ஆண்டுதோறும் வருகின்றது. எந்த மலையிற் கூடு இருக்கிறதென்று கொழுந்து பறிப்போரைக் கேட்டறிந்து, அப்பக்கம் செல்லாதிருத்தலே காப்பு. டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களிற் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. ஆகவே இருள் பிரியுமுன் தனியே ஓடவேண்டாம். மூடுபனியில் வெளிர்ந்த அல்லது பளிச்சிடும் நிறச் சட்டையே கண்ணுக்குத் தெரியும். வாகனம் இடப்புறம் செல்லும் நாட்டில் ஓடுபவர் வலப்புறமாக, வாகனத்தை எதிர்நோக்கி ஓடவேண்டும். புகையிரதப் பாதை சமமாயிருக்கிறதென்று அதில் ஓடுவது பெருந்தவறு.

ஈரமான புல்லில் அட்டை ஏறும். நீண்ட காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, அதன்மீது சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் ஏறுவது குறையும். கடித்துவிட்டால் நகத்தால் மெல்லத் தள்ளி எடுக்கலாம். இரத்தம் சிறிது நேரம் நில்லாது ஒழுகும், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஓடிப் பழகுவதற்குத் திடல் தேடுவோருக்கு, நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலின் சுற்றுப்புறமும் கிரகரி வாவிக்கரையும் உள்ளன. ஹட்டன் பக்கத்துத் தோட்டப்புறத்திலிருந்து வந்து, இராணுவ அணியில் ஓடி, நீண்டதூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் வெற்றிபெற்ற குமார் சண்முகேஸ்வரனைப் பற்றிப் பத்திரிகை வாசிப்போர் அறிவர். எல்லோரும் அவ்வாறு ஓட வேண்டுமென்பதில்லை. கண்டியிலிருந்து தோட்டங்களினூடாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ' நடைபாதை இப்போது 22 பகுதிகளாக அமைக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டார் அதற்கென்றே விமானமேறி வருகின்றனர்; எங்கள் பிள்ளைகளுக்கோ அதன் சில பகுதிகள் வாசற்படியிலேயே தொடங்குகின்றன.

சப்பாத்தைப் பேணும் வகையையும் சொல்லிவிடுவோம். சேற்றைக் குளிர்நீரில் தூரிகையாற் கழுவுக. அடுப்பின் அருகில் வைத்து உலர்த்தவேண்டாம், ஒட்டிய பசை இளகி அடிப்பாகம் கழன்றுவிடும். நாடாவைத் தளர்த்தி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால், மறுநாட்காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். இந்தப் பக்கத்தையே அதற்குப் பயன்படுத்தினாலும் எமக்கு வருத்தமில்லை. வீட்டில் இன்னும் வாசிக்காதவர் எவரேனும் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.