வறட்சியில் துளிர்க்கும் இளவேனில்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, சித்திரை, வைகாசி மாதங்களை இளவேனில் என்று வழங்குகிறது. எனினும் அதன் முதல் அடையாளங்கள் பின்பனிக் காலமான மாசி, பங்குனியிலேயே மரங்களில் தென்படத் தொடங்குகின்றன. குளிர்நாடுகளின் வசந்தம் பனி உருகி மண் நனையும்போது வருகிறது. தமிழகத்தின் இளவேனிலோ வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேல்மண் காய்ந்துவரும் வேளையில் வருகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இலையுதிர் காடுகளில் இதற்கு முதலில் கட்டியம் கூறுவது முள்ளிலவு மரம். இலைகளின் வழியே நீர் ஆவியாக வெளியேறுவது நீராவிப்போக்கு எனப்படும். இலைகளை உதிர்த்து அவ்விழப்பைக் குறைத்துக்கொள்ளும் இம்மரம், தண்டில் தேங்கும் நீரைக் கொண்டு வெறுங்கிளைகளிலேயே பூக்கிறது. உள்ளங்கை அகலமுள்ள பூவில் தடித்த ஐந்து செவ்விதழ்கள் கிண்ணம்போல் விரிய, நடுவே மகரந்தத்தாள்கள் கொத்துக்கொத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. அடியில் ஊறும் தேனுக்காக மைனா தலையை நுழைக்கும்போது நெற்றியில் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவைச் சென்றடைகிறது. மறைக்க இலை இல்லாமையால் பூக்கள் பறவைகளுக்குத் தொலைவிலிருந்தே தெரிகின்றன. பின்னர்க் காய் முற்றி வெடித்துப் பஞ்சாகப் பறப்பதைக் கண்டே, வீணாகக் காத்திருப்பவரை 'இலவு காத்த கிளி' என்றனர்.

ஊர்ப்புறங்களில் இவ்வடையாளத்தை வேம்பு காட்டுகிறது. பழைய இலைகளைப் பெருமளவு உதிர்த்தபின் அது விடும் தளிர்கள் செம்பழுப்பாக இருப்பதற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. பச்சையம் முழுமையாக உருவாகும்வரை இளந்தளிரைக் கடும் வெயிலிலிருந்து இது காக்கிறது. தொடர்ந்து மலரும் வெண்ணிறப் பூக்களே சித்திரை முதல் நாள் பச்சடியில் சேர்கின்றன.

இக்காலத்தில் ஆண் குயிலின் கூவல் படிப்படியாக உயர்ந்து ஒலிப்பது அதன் இனப்பெருக்கக் காலம் நெருங்குவதைக் காட்டுகிறது. பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவதால், காகங்கள் கூடு கட்டும் காலத்தையொட்டியே குயிலின் பருவமும் அமைந்துள்ளது.

உயிரினங்களின் இத்தகைய பருவ நிகழ்வுகளை ஆராயும் துறை பருவநிகழ்வியல் எனப்படும். வாசலில் நிற்கும் வேம்பு எந்நாளில் தளிர்த்தது, எந்நாளில் பூத்தது என்பதை ஆண்டுதோறும் நாட்காட்டியில் குறித்துவருவோர், மாறிவரும் தட்பவெப்பத்தின் போக்கை அறிய உதவும் நம்பகமான சான்றைத் தம் ஊருக்குச் சேர்த்துவைக்கின்றனர்.