777 போடுமுன்

புதிய சர்வருக்கு மாற்றிய தளம் திறக்கவில்லை. திரையில் ‘403 ஃபார்பிடன்’. வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிறார். இந்த நெருக்கடியில் பலருடைய விரல்கள் தாமாகவே தட்டிவிடும் கட்டளை ஒன்று உண்டு: ஃபோல்டர் மொத்தத்துக்கும் சிஹெச்மாட் 777. தளம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது ஆபத்து. இந்த வாரம் முழுக்க அந்தக் கட்டளைக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

யூனிக்ஸிலிருந்து லினக்ஸுக்கு வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு. மிச்சமுள்ள எல்லோரும் மூன்றாம் தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஆக 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு தரப்பும் படிக்க மட்டுமே. 777 என்றால் யாரும் எதையும் செய்யலாம்.

ஃபோல்டர் என்று வந்ததும் அந்த 1-க்குப் பொருள் மாறிவிடுகிறது. அங்கே அது கடந்து போகும் உரிமை. ரூட் ஃபோல்டரில் தொடங்கி ஃபைல் வரை பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் இந்த உரிமை இருந்தாக வேண்டும். நாலு கட்டு வீட்டில் கொல்லைப்புற அறையை அகலத் திறந்து வைத்து என்ன பயன், இரண்டாம் கட்டு பூட்டியிருந்தால்? உபுண்டுவில் 21.04 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாகும் பயனரின் ஹோம் ஃபோல்டர் 750 என்று அமைகிறது, முன்பு 755. தளத்தை ஹோமுக்குள் வைத்துப் பழகியவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் ஃபைலுக்கு எத்தனை முறை 777 போட்டாலும் 403 அசையாது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, ஃபைலைத் திறக்க முயல்வது யார் என்பதை. லாகின் செய்திருக்கும் நீங்கள் அல்ல. வெப் சர்வர்தான். டெபியன், உபுண்டுவில் அப்பாச்சி வெப் சர்வர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராக ஓடுகிறது. ரெட் ஹேட் குடும்பத்தில் ‘அப்பாச்சி’ என்ற பெயரிலேயே. ரூட் பயனராக இருந்துகொண்டு ஃபைலைத் திறந்து பார்த்து “எனக்குத் திறக்கிறதே” என்பது சோதனையே ஆகாது. ரூட்டை இந்த எண்கள் தடுப்பதில்லை. சூடோவைக் கொண்டு அப்பாச்சியின் பயனராகவே திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் ‘நேம்ஐ’ கட்டளையுடன் ‘எல்’ சேர்த்து முழுப் பாதையைக் கொடுங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். இத்தனை உதவும் கட்டளையை இவ்வளவு குறைவானவர்கள் பயன்படுத்துவது எனக்கு வருத்தமே.

இதற்கெல்லாம் முன்னால் எரர் லாக். பிரவுசர் காட்டும் பக்கம் பார்வையாளருக்கானது. காரணம் லாக்கில்தான் இருக்கும். அங்கே எண் 13 இருந்தால் அனுமதி மறுப்பு. எண் 2 இருந்தால் அந்தப் பெயரில் ஃபைலே இல்லை. விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றிய தளங்களில் இந்த 2 அடிக்கடி வரும். லினக்ஸ் ஃபைல் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பெயரைத் திருத்தினால்தான் தீரும். அனுமதியை மாற்றிப் பயனில்லை.

எண்கள் எல்லாம் சரி, பாதையும் சரி, ஆனாலும் 13. ரெட் ஹேட், ஃபெடோரா சர்வர் என்றால் எஸ்இலினக்ஸைச் சந்தேகியுங்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட இந்த ஏற்பாடு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுகிறது. ஹோமில் இருந்த ஃபைலை வெப் ஃபோல்டருக்கு எம்வி கட்டளையால் நகர்த்தினால் பழைய சீட்டும் கூடவே வந்துவிடும். சிபி கொண்டு நகலெடுத்தால் புதிய இடத்தின் சீட்டைப் பெறும். ஒரே ஃபைல், ஒரே அனுமதி எண். ஒன்று திறக்கும், இன்னொன்று திறக்காது. எல்எஸ் கட்டளையுடன் பெரிய ‘இஸட்’ சேர்த்தால் சீட்டு தெரியும். ‘ரீஸ்டோர்கான்’ அதைச் சரிசெய்யும். எஸ்இலினக்ஸையே அணைத்து வைப்பதும் 777 போடுவதும் ஒரே ரகம்தான்.

அவசரத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். பலர் பங்கிட்டுக்கொள்ளும் சர்வரில் 777 ஃபோல்டருக்குள் பக்கத்துக் கணக்கிலிருந்து யாரும் ஒரு பிஹெச்பி ஃபைலைப் போட்டுவிட முடியும். சூஎக்ஸெக் வழியாக சிஜிஐ நிரல்களை இயக்கும் அப்பாச்சி, பிறர் எழுதக்கூடிய நிரலை இயக்கவே மறுக்கும். 403 போய் 500 வரும். ஹோம் ஃபோல்டருக்கே 777 போட்டால், எஸ்எஸ்ஹெச் வழக்கமான அமைப்பில் உங்கள் சாவியை ஏற்காது. பாஸ்வேர்டு லாகினையும் அணைத்து வைத்திருந்தால் சொந்த சர்வருக்கு வெளியே நிற்பீர்கள்.

பெரும்பாலான தளங்களுக்கு ஃபோல்டர்களில் 755, ஃபைல்களில் 644, உரிமையாளராக நிரலை ஏற்றும் பயனர் என்பதே போதும். படங்கள் ஏற்றும் ஃபோல்டரை மட்டும் சர்வரின் பயனருக்கு எழுதிக் கொடுங்கள். அதற்குள் பிஹெச்பி ஓடாதபடி அப்பாச்சி அமைப்பிலேயே தடுத்துவிடுங்கள்.

(தொடரும்)