படிக்கப் போகிறவர்களுக்கு – 6: வெள்ளத்துக்கு லொறி பிடித்தது யார்?

மகாபொல புலமைப்பரிசில் நிதியம் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த அந்த நிதியம் பார்ப்பது உயர்தரப் பெறுபேற்றையும் வீட்டு வருமானத்தையும்தான். ஊருக்கு என்ன செய்தாய் என்று அது கேட்பதில்லை.

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கேட்கிறது. ஓராண்டு முதுமாணிப் படிப்பு. கட்டணம், விமானச் சீட்டு, மாதக் கொடுப்பனவு எல்லாம் அதற்குள் வரும். பட்டமும் 2,800 மணித்தியால வேலை அனுபவமும் வேண்டும். படித்து முடித்தால் 2 ஆண்டுகளாவது நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் நம் பிள்ளைகள் சறுக்குவது தலைமைத்துவக் கட்டுரையில்.

தெமட்டகொடைத் தம்பி ஒருவர் தன் வரைவைக் கொண்டுவந்தார். முதல் பந்தியில் அப்துல் கலாம், அடுத்ததில் நெல்சன் மண்டேலா. தெமட்டகொடையைக் காணவில்லை.

"2016 மே மாதம் களனி கங்கை பெருகினப்போ எங்க இருந்தீங்க?"

"கொலன்னாவைப் பக்கம்தான் சேர். சாப்பாட்டுப் பார்சல் குடுத்தோம். அது எல்லாரும் செஞ்சதுதானே."

துருவித் துருவிக் கேட்டபோதுதான் கதை வந்தது. பார்சல்கள் பிரதான வீதியிலேயே குவிந்தன. உள் ஒழுங்கைகளுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட மாணவனாக இருந்த இவர், கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள வீடுகளைக் கொப்பியில் எழுதியிருக்கிறார். பள்ளிவாசலில் சமையல் நடந்தது. லொறிக்காரர் உள்ளே வர மறுத்தார். விகாரைப் பக்கத்துச் சிங்களக் கூட்டாளி ஒருவனைப் பிடித்து, அவன் மாமாவின் லொறியை எடுத்திருக்கிறார்கள். பால்மா முதலில், சோறு பிறகு என்று முடிவுசெய்ததும் இவர்தான்.

இதுதானே கட்டுரை! தலைமைத்துவத்துக்கு மட்டுமல்ல, மற்றவர்களோடு உறவை வளர்ப்பது பற்றிய அடுத்த கட்டுரைக்கும் அந்த லொறியே போதும்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்த்த பிள்ளைகளுக்கு இதை எழுதக் கூச்சம். நல்ல வளர்ப்புத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வாளர் கேட்பது தர்மக் கணக்கை அல்ல. சிக்கலை எப்படிக் கண்டீர்கள், யார் மறுத்தார்கள், அவரை எப்படிச் சமாளித்தீர்கள், பிறகு என்ன மாறியது என்றுதான் கேட்கிறார். "மக்களுக்கு உதவினோம்" என்ற ஒரு வரியில் இதில் எதற்குமே பதில் இல்லை. எழுதியதை நேர்முகத்தில் கிளறுவார்கள். செய்தவனுக்கு அங்கே பயமில்லை. புலமைப்பரிசிலுக்காகவே ஒரு சங்கம் தொடங்கி றப்பர் முத்திரை அடிப்பவர்கள் மாட்டுவதும் அங்கேதான்.

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம். அன்று கூட நின்றவர்களைத் தேடிப்பிடித்து, யார் எதைச் செய்தது என்று கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.